கணியம்பாடி சாலையில் கண்ணாடி உரசியது: ஓடுகிறவர்களே, உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

பாகாயத்தான்

முன்கதை வேண்டாம், இங்கே எல்லோரும் ஓடுகிறவர்கள்தான். போன வியாழக்கிழமை காலை ஐந்தே கால் மணி. வேலூரில் பாகாயம் தாண்டிக் கணியம்பாடி போகும் சாலை. சாலையோர வெள்ளைக் கோட்டோடு ஒட்டி இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் வேன் சத்தம். அந்த இடத்தில் தாருக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் இறக்கம். இறங்கினால் கணுக்கால் போய்விடும் என்று தாரிலேயே ஒடுங்கினேன். வேனின் கண்ணாடி என் முழங்கையில் 'டப்' என்று அடித்தது.

ஐம்பது அடி தள்ளி வேன் நின்றது. ஓட்டுநர் இறங்கிச் சுற்றி வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து, 'பரவாயில்லைங்க' என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அவர் மடங்கிப்போயிருந்த கண்ணாடியை விரித்தார். தோள் துண்டால் துடைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்து அரை அங்குலம் திருப்பினார். ஏறிப் போய்விட்டார்.

கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் அந்தக் கண்ணாடியில் தெரிந்திருப்பேன். முழங்கை வீக்கம் வடிந்துவிட்டது. இது வடியவில்லை.

சத்துவாச்சாரி ஓட்டம்

ஐயா, கோபிக்க வேண்டாம். இடப்பக்கம் ஓடினால் அப்படித்தான் நடக்கும். நம் ஊரில் வண்டி இடப்பக்கம் போகிறது, ஆகவே ஓடுகிறவன் வலப்பக்கம் ஓட வேண்டும். எதிரே வருவது கண்ணுக்குத் தெரிந்தால்தானே ஒதுங்க முடியும்? முதுகில் யாருக்கும் கண் கிடையாது.

ஆனால் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையில் விதிப்படி வலப்பக்கம்தான் ஓடினேன். எதிரே வந்த காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் வந்த ஒரு பைக் என் தோளை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவர் திரும்பி, "ஓரமாகப் போ!" என்றார். நான் சாக்கடை மூடியின் மேல் ஓடிக்கொண்டிருந்தேன். அதற்கும் ஓரம் எங்கே இருக்கிறது?

பால்வண்டி

நான் ஓடுகிறவன் இல்லை, ஓட்டுகிறவன். விரிஞ்சிபுரத்திலிருந்து தினமும் மூன்றரை மணிக்குக் கிளம்புகிறேன். அந்த வேன்காரர் செய்ததை நியாயப்படுத்த வரவில்லை.

மழை விட்ட ஒரு விடியற்காலை. எதிரே வந்த லாரி ஹைபீமைக் குறைக்கவே இல்லை. அது கடந்ததும் இரண்டு நொடி எனக்கு உலகமே கறுப்பு. பிறகு முதலில் தெரிந்தவை தரையோரம் மாறி மாறி ஏறி இறங்கிய இரண்டு வெள்ளைத் துண்டுகள். மேலே ஆள் இல்லை. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. தெரிந்தது ஷூவின் அடிப்பாகம் மட்டும்தான்.

மிதித்த மிதியில் பின்னால் பால் கிரேட்டுகள் சரிந்தன. பதினாறு பாக்கெட் உடைந்தது, என் கணக்கில் எழுதினார்கள். அதுவும் போகட்டும். அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இரண்டு காதிலும் பாட்டு. அவருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. நான் வண்டியை ஓரம் கட்டி, கை நடுக்கம் நிற்கும்வரை பால் வாசனையில் உட்கார்ந்திருந்தேன்.

கோட்டைச் சுற்று

சத்துவாச்சாரி அண்ணா, வலமா இடமா என்கிற பேச்சு கடக்கும் இடத்தில் உதவாது.

கோட்டைக்கு எதிரே, ஏழு மணிக்குள். சாலையைக் கடக்கும் வரிக்கோட்டில் (ஜீப்ரா கிராசிங்) நின்றேன். ஒரு கார் நின்று, 'போங்கள்' என்று கை காட்டியது. பாதி தாண்டுவதற்குள் காரின் இடப்பக்கமாக ஒரு ஸ்கூட்டர் நுழைந்தது. அவர் பிரேக் போட, முன்னால் இருந்த பூக்கூடை கவிழ்ந்து, வெள்ளைக் கோடுகளின் மேல் மல்லி கொட்டியது. யாருக்கும் அடி இல்லை. கூட்டம் கூடியது. ஒரு பெரியவர், "ஏம்மா, கோட்டைக்குள்ளே ஓடினால் என்ன?" என்றார். நான் குனிந்து பூவைப் பொறுக்கிக் கொடுத்து, "மன்னிச்சிடுங்க அண்ணா" என்றேன்.

கடக்கும் கோட்டில், எனக்காக ஒரு கார் நின்றிருக்கும்போது, நான் எதற்கு மன்னிப்புக் கேட்டேன்? மூன்று மாதமாக ஓடும்போதெல்லாம் இதே கேள்விதான்.

காட்பாடி ஓய்வு

என் அனுபவம் சிறியது: ஓட்டேரிப் பக்கம் நாய் துரத்தி, நடுச்சாலைக்கு ஓடி, பஸ் முன்னால் போய் நின்றேன். பஸ் நின்றதால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். பால்வண்டித் தம்பி சொன்னதை மனப்பாடம் செய்யுங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ பதினேழு மீட்டர் போய்விடும். ஓட்டுநர் உங்களைப் பார்த்து, யோசித்து, பிரேக்குக்குக் காலை மாற்றுவதற்குள் நீங்கள் அவர் பம்பரில் இருப்பீர்கள். ஆகவே ஒளிரும் பட்டை போட்ட சட்டை வாங்குங்கள். மார்பில் மட்டும் போதாது. பால்வண்டித் தம்பிக்கு முதலில் தெரிந்தது கால்தானே, கணுக்காலிலும் ஒரு பட்டை கட்டுங்கள். வளைவில் வலப்பக்க விதியைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். உள்வளைவில் எதிரே வருபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். முன்னும் பின்னும் பார்த்து, முன்கூட்டியே மறுபக்கம் மாறி, வளைவு முடிந்ததும் திரும்புங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைப்படி, சிக்னல் இல்லாத வரிக்கோட்டில் நடப்பவருக்கு வண்டிதான் வழிவிட வேண்டும். கோட்டைச் சுற்றுப் பெண்ணே, உன் மேல் தப்பில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, விபத்தில் ஒருவர் காயப்பட்டால் ஓட்டுநர் சிகிச்சைக்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. பாகாயத்தான், வண்டி எண்ணைக் குறித்தீர்களா? வீக்கத்தைப் படம் எடுத்தீர்களா? புகார் கொடுத்தீர்களா? இன்னொன்று, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து ஓடாதீர்கள், அது தோள் சமநிலையை…

பாகாயத்தான்

காட்பாடி ஐயா, பாட்டில் கையில் இல்லை. எண்ணும் குறிக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்ததில் எண் பலகை நினைவுக்கே வரவில்லை.

பால்வண்டி அவர்களுக்கு: அன்று நான் போட்டிருந்தது கருநீலச் சட்டை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எழுத மனம் வரவில்லை. காதில் பாட்டு இல்லை, அது சத்தியம். இன்று காலை வலப்பக்கம் ஓடினேன். அங்கேயும் அதே ஒரு சாண் இறக்கம்தான் இருக்கிறது.