மறு: சாட்டிலைட் டி.என்.ஏ – துணைக்கோளா, பட்டையா, அடுக்கா?

அன்பு நண்பர்களே,

ஒரே எழுத்து வரி இடைவிடாமல் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ பகுதியை ஆங்கிலத்தில் ‘சாட்டிலைட் டி.என்.ஏ’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘துணைக்கோள் டி.என்.ஏ’ பக்கம் ஆள் சேர்ந்துகொண்டே போவதால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்புப் பாடத்தைத் திருத்தக் கொடுத்தார்கள். சுண்டெலியின் குரோமோசோம் பற்றியது. அதில் ‘எலியின் செயற்கைக்கோள் டி.என்.ஏ’ என்று இருந்தது. பக்கத்திலிருந்த என் மகள் எட்டிப் பார்த்து, “எலியை எப்பப்பா ராக்கெட்ல அனுப்புனாங்க?” என்றாள். செயற்கைக்கோளைத் துணைக்கோள் ஆக்கினால் மட்டும் எலி தரைக்கு இறங்கிவிடாது.

அந்தப் பெயர் வந்த கதை ரொம்பச் சாதாரணமானது. 1960-களின் தொடக்கத்தில் சுண்டெலி டி.என்.ஏவைச் சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு, அதிவேகத்தில் மணிக்கணக்காகச் சுழற்றிப் பார்த்தார்கள். சுழலச் சுழல உப்பு அடியில் செறியும், மேலே நீர்க்கும். டி.என்.ஏ தன் அடர்த்திக்கு ஒத்த மட்டத்தில் போய் நின்றுகொள்ளும். பெரும்பகுதி 1.701 அடர்த்தியில் (கன செ.மீ.க்கு கிராம்) தடித்த பட்டையாக நின்றது. அதற்குச் சற்று மேலே, 1.691-க்கு அருகில், மெல்லிசாக இன்னொரு பட்டை. மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. டி.என்.ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளில் ஏ, டி மிகுந்த பகுதி என்பதால் அடர்த்தி குறைவு, அதனால் மேலே நின்றது. பெரிய பட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றதால் சாட்டிலைட் என்று பெயர் வைத்தார்கள். அங்கே எதுவும் எதையும் சுற்றவில்லை.

இதைத் தெரிந்துதான் மதுரை நண்பர் ‘துணைப்பட்டை’ என்றார். நேர்மையான சொல்தான். ஆனால் எழுத்து விகிதம் மற்ற டி.என்.ஏவைப் போலவே இருந்துவிட்டால் தனிப் பட்டையே பிரியாது. அப்படிப்பட்டவற்றையும் சாட்டிலைட் என்றுதான் சொல்கிறார்கள். சில எழுத்துகள் மட்டுமே திரும்பத் திரும்ப வரும் மைக்ரோசாட்டிலைட்டோ எந்தக் குழாயிலும் பட்டையாக நின்றதே இல்லை. அதை ‘நுண்துணைப்பட்டை’ என்று எழுதினால், படிக்கிற பிள்ளை இல்லாத பட்டையைத் தேடும்.

சரி, அந்த மெல்லிய பட்டைக்குள் என்னதான் இருந்தது? 234 எழுத்துகள் கொண்ட ஒரே வரி, சிறுசிறு மாற்றங்களோடு, ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை தொட்டு லட்சக்கணக்கான முறை வருகிறது. 1970-இல் மேரி லூ பார்டியூ, ஜோசப் கால் என்ற ஆய்வாளர்கள் இதன் கதிரியக்கப் படியைச் சுண்டெலிக் குரோமோசோம்கள் மேல் ஒட்டவைத்துப் பார்த்தார்கள். கதிரியக்கம் படலத்தில் பதித்த கரும்புள்ளிகள் எல்லாம் சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் இழைகள் பற்றும் இடம்) இருக்கும் முனையில் போய்க் குவிந்தன, ஒய் குரோமோசோமைத் தவிர. சாயமேற்றிய சுண்டெலி உட்கருவை ஒளிர்நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: மனித உட்கரு ஒரே சீராக மங்கி ஒளிரும்; சுண்டெலியுடையதில் மூக்குத்திக் கல் பதித்ததுபோல் பொட்டுப் பொட்டாக மின்னும். அந்தப் பொட்டுகள்தாம் இவை.

(குரோமோசோம் என்றே எழுதுகிறேன். நிறப்புரியா நிறமூர்த்தமா என்ற பழைய சண்டையை இலங்கை நண்பர்களோடு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

புலவர் ஐயா ‘இரட்டைக்கிளவி டி.என்.ஏ’ என்று சொன்னதை எல்லாரும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். எனக்கு அதில்தான் பொறி தட்டியது. ‘சலசல’ என்பதில் ஒரு ‘சல’வை எடுத்துவிட்டால் மிச்சத்துக்குப் பொருள் இல்லை. இந்த 234 எழுத்தும் அப்படித்தான். எந்தப் புரதத்தையும் செய்வதற்கான குறிப்பு அதில் இல்லை. ஆனால் சேர்ந்து நிற்கும்போது வேலை செய்கிறது. வெவ்வேறு குரோமோசோம்களின் இந்தப் பகுதிகளைப் புரதங்கள் ஒன்றாகக் கட்டிவைப்பதால்தான் எல்லாக் குரோமோசோமும் ஒரே உட்கருவுக்குள் அடங்கியிருக்கின்றன என்று 2018-இல் சுண்டெலியிலும் பழ ஈயிலும் காட்டினார்கள். கட்டு அவிழ்ந்தால் துண்டு உட்கருக்கள் பிதுங்கிப் பிரிந்துவிடுகின்றன.

பொருள் வகையில் ஐயா சொன்னது பொருந்தும். வடிவத்தில் பொருந்தாது, இரட்டைக்கிளவி இரண்டைத் தாண்டாதே. இரண்டு, மூன்று, நான்கு என்று அடுக்கிப் போவது அடுக்குத்தொடர்தான். இலக்கணம் நான்கோடு நிறுத்தச் சொல்கிறது. எலிக்கு யார் இலக்கணம் சொல்வது? ஆகவே என் முன்மொழிவு: இடைவெளியின்றி அடுத்தடுத்து வருவதற்குப் பொதுப்பெயர் அடுக்குத்தொடர். அதில் சாட்டிலைட் பேரடுக்கு, அதைவிடக் குட்டையான மினிசாட்டிலைட் சிற்றடுக்கு, எல்லாவற்றிலும் குட்டையான மைக்ரோசாட்டிலைட் நுண்ணடுக்கு. எத்தனை தடவை என்பது அடுக்கெண். ஒரே வரி டி.என்.ஏ முழுக்க அங்கங்கே சிதறிக் கிடந்தால் அது அடுக்கு ஆகாது, விரவுதொடர்.

‘அடுக்கு’ ஏற்கெனவே கணினியிலும் மாடிக்கட்டடத்திலும் இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இருக்கட்டும். ‘வேர்’ தாவரத்திலும் இலக்கணத்திலும் இருக்கிறது, யாரும் குழம்பியதில்லை.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதை வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். சுண்டெலிக்கு 40 குரோமோசோம், எல்லாம் ஒற்றைக் கை: சென்ட்ரோமியர் ஒரு முனையில் இருக்கும். சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கு எலிகளில் 26தான் இருக்கக் கண்டார்கள். எதுவும் தொலையவில்லை, பதினான்கு ஜோடிகள் சென்ட்ரோமியர் முனையில் இரண்டிரண்டாக ஒட்டி ஏழு ஜோடிகளாகியிருந்தன. மடெய்ரா தீவில் இது 22 வரை இறங்கியிருக்கிறது, அதுவும் ஆயிரம் ஆண்டுக்குள். இதை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘இணைவு நிகழும் முறிவிடம் பேரடுக்குக்குள் இருக்கிறது.’ தடுக்கவில்லை. நம்மூர் வயல்களில் திரியும் மஸ் டெரிகலர் எலிக்கு எங்கும் 40தான், ஆனால் மூன்று குரோமோசோம் வகைகள். காசி இந்துப் பல்கலைக்கழகத்தார் நெடுங்காலம் ஆராய்ந்தது இது. எண்ணிக்கை மாறாமல் சிலவற்றுக்குக் குட்டைக் கை முளைத்திருக்கிறது. ‘பேரடுக்கு பெருகிக் குட்டைக் கை உண்டாகிறது’ என்று எழுதினால் பள்ளிப் பிள்ளைக்கும் படம் தெரியும். ‘துணைக்கோள் பெருகி’ என்று போட்டுப் பாருங்கள்.

இடிக்கும் இடம் ஒன்று உண்டு. சுண்டெலியில் மேஜர், மைனர் என்று இரண்டு சாட்டிலைட். மேஜர்தான் மேலே சொன்ன 234 எழுத்து வரி; மைனருக்கு அலகு 120 எழுத்து. மேலே சொன்ன முறிவிடம் இதற்குள்தான். இதைச் ‘சிறு’ என்று தொடங்கினால் சிற்றடுக்கோடு மோதும். ‘முதன்மை, துணை’ எனலாமா என்று பார்த்தால், ஸ்பெயின் பக்கத்து மஸ் ஸ்பிரெட்டஸ் எலியில் மைனர்தான் அதிகம், மேஜர் குறைவு. ஆங்கிலப் பெயரே அங்கே பல்லிளிக்கிறது. நான் ‘234 பேரடுக்கு’, ‘120 பேரடுக்கு’ என்று எண்ணோடு எழுதிவிடுவேன். அழகில்லை, ஆனால் தப்பில்லை.

இன்னொன்றையும் கையோடு கேட்டுவிடுகிறேன். அமெரிக்கப் பருத்தி எலிகளில் ஓர் இனத்துக்கு 52 குரோமோசோம், நெருங்கிய உறவான இன்னோர் இனத்துக்கு 28. இங்கே பெரும்பாலும் ஒன்றன் கடைசி முனையில் அடுத்ததன் தொடக்க முனை ஒட்டியிருக்கிறது. முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்குவதற்கு நம்மிடம் ஆயிரம் வருஷமாகப் பெயர் இருக்கிறது: அந்தாதி. ‘அந்தாதி இணைவு’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் போடலாமா? புலவர் ஐயா சம்மதித்தால் போதும், மற்றவர்களோடு நான் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

குரோமோசோமில் இறுகச் சுருண்டு கிடக்கும் பகுதியான ஹெட்டிரோகுரோமாட்டினுக்கு இன்னும் என் கையில் சொல் இல்லை. யாராவது தொடங்குங்கள்.