லான்ஸில் இருக்கும் லூவ்ருக்குப் போகலாமா?

உப்புவெளிக்காரி: திருகோணமலையிலிருந்து பாரிஸில் இருக்கும் அக்காவிடம் போகிறேன். அங்கே லூவ்ர் மியூசியத்தில் சனம் அள்ளுப்படுமாம், வடபிரான்சில் லான்ஸ் என்ற ஊரில் அதன் கிளை இருக்குதென்று அத்தான் சொல்கிறார். பழைய நிலக்கரி ஊருக்கு ஏன் மெனக்கெட வேண்டும்?

பிரான்ஸ் அண்ணை: கட்டாயம் போங்கோ தங்கச்சி. 2012 டிசம்பரில், மூடிக்கிடந்த சுரங்க வளவில்தான் திறந்தார்கள். ஜப்பானின் சானா என்ற கட்டடக்கலை நிறுவனம் கண்ணாடியும் அலுமினியமுமாகத் தாழ்வாக வடிவமைத்தது, மழைநாளில் சுவரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். உள்ளே 120 மீட்டர் நீளக் கூடம் ஒன்று, தடுப்புச் சுவரே இல்லை, பழங்கால மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக் பக்கம்) தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரையான கலைப்பொருட்களை நடந்துகொண்டே பார்க்கலாம், அதற்குக் காசும் இல்லை. செவ்வாய் பூட்டு, கவனம்.

உப்புவெளிக்காரி: சரி அண்ணை. அப்புறம் அந்த ஊர்ச் சனத்துக்கு என்ன கிடைத்தது?

புல்மோட்டையான்: நல்ல கேள்வி. 1990இல் அந்தப் பிரதேசத்தின் கடைசிச் சுரங்கமும் மூடியபிறகு வேலையில்லாமல் கிடந்த இடம், மியூசியம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் புல்மோட்டையிலும் இல்மனைற் என்ற தாது மணல் அள்ளுகிறார்கள், அது முடிந்தால் யார் மியூசியம் கட்டுவார்?

பிரான்ஸ் அண்ணை: அது வேறு கதை தம்பி. தங்கச்சி, பக்கத்தில் லூஸ்-அன்-கோயெல்லில் கரிக்கழிவு மலை இரண்டு நிற்கும், ஏறலாம். நல்ல சப்பாத்துப் போடுங்கோ, கறுப்புத் தூள் ஒட்டும்.