பி.எட். இருக்கிறது, 'சர்டிஃபைடா' என்கிறார்கள்

அம்மாபேட்டைக்காரி: வணக்கம்ங்க. இங்கே வந்து ஆறு வாரம்தான். மகளைச் சேர்த்த அரசுப் பள்ளியிலேயே கணக்கு டீச்சர் வேண்டுமாம். முதல்வரம்மா "சர்டிஃபைடா?" என்று கேட்டார். பி.எட்.டைத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். இப்போது படிவத்தில் சான்று எண் என்று ஒரு கட்டம். வெள்ளிக்குள் தரணும். பி.எட். போதாதா? பொய் சொன்னதாகிவிடுமா? ராத்திரி தூக்கமே இல்லை.

ஐந்துரோடு: தங்கச்சி, கலங்காதீங்க. நான் நியூஜெர்சி வந்த முதல் குளிர்காலத்தில், சேலத்தில் வாங்கிய தோல் செருப்போடு பனியில் பஸ்ஸுக்கு நின்றவன். தட்டுவடை செட்டை நினைத்தே நாலு மாதம் ஓட்டினேன். முதலில் கார் ஓட்டப் பழகுங்க.

கொண்டலாம்பட்டி: சான்றெல்லாம் வேண்டாம். டாலஸில் என் மச்சினி வெறும் டிகிரியோடு மூன்று வருடமாக அறிவியல் எடுக்கிறாள்.

லெஸ்டர்வாசி: தப்பான தகவல். கவுன்சில், அதாவது உள்ளாட்சி நடத்தும் பள்ளி என்றால் கியூ.டி.எஸ். என்ற ஆசிரியர் தகுதி வேண்டும். நம் ஊரில் படித்த கணக்கு ஆசிரியர்களும் 2023 முதல் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

கொண்டலாம்பட்டி: அது இங்கிலாந்துங்க! அவங்க எந்த நாடு என்றே சொல்லலையே.

ஏற்காட்டுக்காரி: ஊரில் மட்டும் என்ன வாழுது? 2012ல் முதல் டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதினேன். 150க்கு 90 எடுக்கணும். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. நானும் தேறாத கூட்டம்தான். அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி மலைமேல் போய், தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு எட்டு வருடம் கத்தினேன்.

ஐந்துரோடு: அந்த பஸ்ஸுக்கு இந்தப் பனியே மேல்.

அஸ்தம்பட்டி அக்கா: போதும்ப்பா. கண்ணு, எந்த மாநிலம், என்ன விசா?

அம்மாபேட்டைக்காரி: அய்யோ, சொல்லலையா? டெக்சாஸ்ங்க அக்கா. எச்4, அவரைச் சார்ந்து வந்த மனைவி விசா. அவருக்கு எச்1பி வேலை விசா கிடைத்து இப்போதுதான் வந்தோம்.

அஸ்தம்பட்டி அக்கா: அப்போ சான்றுக்கு முன்னாடியே ஒரு முட்டுக்கட்டை இருக்கு. ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் எச்4ல் சம்பள வேலை பார்க்கக் கூடாது. பெரும்பாலும் கணவருக்காக அவர் கம்பெனி கிரீன் கார்டுக்குப் போடும் ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். படிவத்தில் கையெழுத்துப் போடாதீங்க. "என்னிடம் இருப்பது இந்திய பி.எட்., வேலை அனுமதி இன்னும் இல்லை" என்று முதல்வரம்மாவுக்கு இன்றைக்கே மெயில் போடுங்க. நீங்களே முந்திக்கொண்டு சொன்னால் யாரும் பொய் என்று நினைக்க மாட்டார்கள்.

மச்சினி கதையும் பொய்யில்லை. அது சார்ட்டர் பள்ளியாக இருக்கும். அதுவும் அரசுப் பணத்தில் நடப்பதுதான், ஆனால் தனி அமைப்பு நடத்துவது; பெரும்பாலான பாடங்களுக்கு டிகிரி போதும். உங்க ஊர் பள்ளி நிர்வாக மாவட்டமே நடத்தும் மாவட்டப் பள்ளி என்றால் பொதுவாக மாநிலச் சான்று கேட்பார்கள். அதற்கு நம் மதிப்பெண்களை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றிய மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். மூன்று வருட பி.எஸ்சி.யை மட்டும் அனுப்பினால் நாலு வருட டிகிரிக்குச் சமமில்லை என்று சொல்லிவிடலாம், பி.எட்.டையும் சேர்த்தே அனுப்புங்க. எந்த வருடம் முடித்தீங்க?

அம்மாபேட்டைக்காரி: பி.எஸ்சி. 2010, பெரியார் பல்கலை. பி.எட். அடுத்த வருடம்.

அஸ்தம்பட்டி அக்கா: அப்போ பி.எஸ்சி. டிரான்ஸ்கிரிப்டுக்கு, அதாவது முழு மதிப்பெண் பட்டியலுக்கு, கருப்பூரில் பெரியார் பல்கலை, பி.எட்.டுக்குச் சென்னையில் ஆசிரியர் கல்வியியல் பல்கலை. உறையில் சீல் வைத்து அவர்களே அனுப்பணும். அப்பாவை இப்போதே அலையவிடுங்க, மாதக்கணக்கில் இழுக்கும்.

அம்மாபேட்டைக்காரி: அக்கா, பட்டச் சான்றிதழை அப்பா பத்திரமா இருக்கட்டும் என்று லேமினேஷன் பண்ணி வச்சிருக்கார். பிரிக்கச் சொல்லவா?

அஸ்தம்பட்டி அக்கா: ஐயோ, கை வைக்க வேண்டாம்னு சொல்லுங்க!