கொல்கத்தா டெர்பிக்கு எந்தப் பக்கம் உட்காரலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒரே ஊர் எதிரிகளான மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் அணிகளின் அடுத்த கால்பந்து ஆட்டத்தைச் சால்ட் லேக் மைதானத்தில் பார்க்க அப்பா, நான், என் மச்சினன் மூன்று பேரும் போகலாம் என்றிருக்கிறோம். டிக்கெட் எடுப்பதற்குள் அங்கே போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

ஆளுக்கு 500 ரூபாய்தான் கணக்கு. ஆனால் அப்பாவுக்கு மூட்டுவலி. மேலடுக்கு வரை படியேற வைத்தால் இடைவேளைக்குள் என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார். கீழடுக்கு எடுக்கலாமென்றால், திடலைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்தாலும் பந்து தூரத்தில்தான். போன வருடம் வேறொரு ஊரில் இப்படித்தான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, எதிர்க்கோல் எல்லாம் விளம்பரப் பலகைக்கும் போலீஸ்காரர் தொப்பிக்கும் நடுவில்தான் தெரிந்தது. அதனால் கீழடுக்கின் பின்வரிசைகளா, நடு அடுக்கா? நடுக்கோட்டுக்கு நேரே கிடைக்காவிட்டால், கார்னர் பக்கம் பரவாயில்லையா? கோலுக்குப் பின்னால் வேண்டாம் என்று நினைக்கிறேன். அங்கே சத்தம் பிரமாதம், ஆட்டம் புரியாது.

அப்புறம் இன்னொரு சிக்கல். அப்பா, ஈஸ்ட் பெங்கால் வீரர் பைச்சுங் பூட்டியா காலத்து ஆள். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகானுக்கு எதிராகப் பூட்டியா ஹாட்ரிக் அடித்ததிலிருந்து ஈஸ்ட் பெங்கால்தான். மச்சினன் மோகன் பகானின் பச்சை-மெரூன் சட்டையே வாங்கிவிட்டான். இருவரையும் ஒன்றாக உட்கார வைக்க ஏதாவது பகுதி இருக்கிறதா, இல்லை சட்டையைக் கழற்றச் சொல்லவா? படி குறைவான வாசல் எண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.