[கலைச்சொல்] ஸ்டெம்: கூறா, கற்றையா, புரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

செய்யறிவுக் (ஏஐ) கருவிகளைக் கொண்டு குறும்படத்துக்குப் பின்னணி இசை அமைப்பது பற்றிய தமிழ்க் கையேட்டுக்குச் சொற்பட்டியல் ஆயத்தமாகிறது. பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. டிராக் என்றால் ஒலித்தடம், மிக்ஸ் என்றால் கலவை, பிராம்ப்ட் என்றால் தூண்டுரை. இவை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. முட்டி நிற்பது ஸ்டெம், அதாவது பல தடங்களைச் சேர்த்து எழுதிய, முழு இசையின் ஒரு பகுதியான ஒலிக்கோப்பு.

இதுவரை வந்த பரிந்துரைகள்: தண்டு, கிளை, இசைக்கூறு, கற்றை. தண்டு என்றால் செடிதான் நினைவுக்கு வரும். கிளை என்பது ஒன்றிலிருந்து இன்னொன்று முளைப்பது. ஸ்டெம்கள் அப்படி முளைப்பவை அல்ல, அருகருகே ஓடுபவை. இசைக்கூறு காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் தாளமும் சுருதியும்கூட இசையின் கூறுகள்தாமே.

பொருளை முதலில் வரையறுத்துவிடலாம். முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என எட்டுத் தடங்கள் இருந்தால், அவற்றை ஒன்றாகக் கலந்து ஒரே ஸ்டீரியோ கோப்பாக எழுதுவது தந்தி ஸ்டெம். பித்தளைக் கருவிகள், தாளம், குரல், சிந்தசைசர் எல்லாவற்றுக்கும் அப்படியே. கோப்புகள் அனைத்தும் ஒரே புள்ளியில் தொடங்கி ஒரே நீளத்தில் முடிய வேண்டும். ஒலியளவில் கைவைக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் முழுக்கலவை திரும்பக் கிடைக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் ஸ்டெம்முக்கு உயிர். அதைத் தாங்கும் சொல் வேண்டும்.

— கா.

* * *

> அதைத் தாங்கும் சொல் வேண்டும்.

கா. ஐயா, உங்கள் வரையறை திரைப்பட ஒலிக்கலவையில் வழங்கும் ஸ்டெம்முக்குச் சரி. செய்யறிவுக் கருவிகளின் உலகில் அதே பெயரில் வருவது பெரும்பாலும் வேறு பொருள்.

தூண்டுரையிலிருந்து இசை உருவாக்கும் மியூசிக்ஜென்னோ ஸ்டேபிள் ஆடியோவோ தந்தியைத் தனியாகவும் பித்தளையைத் தனியாகவும் உருவாக்கிப் பிறகு கலப்பதில்லை. இசை கலந்த நிலையிலேயே பிறக்கிறது. எதிரொலி முழக்கம்கூட (ரிவெர்ப்) அதற்குள்ளேயே ஊறியிருக்கும். அதன்பின் டீமக்ஸ், ஸ்ப்ளீட்டர் போன்ற பிரிப்பு மாதிரி (மாடல்) ஒன்று வந்து, 'இதில் தாளம் இவ்வளவு இருக்கலாம், பாஸ் இவ்வளவு இருக்கலாம்' என்று கணித்துத் தனிக் கோப்புகளாக எழுதுகிறது. கையில் கிடைப்பது மதிப்பீடு. மூலத் தடம் என்ற ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஏன் பெரும்பாலும் நான்காகவே பிரிகிறது? இம்மாதிரிகளின் அளவுகோலாக அமைந்த மியூஸ்-டிபி 18 தரவுத்தொகுப்பில் 150 பாடல்கள். 100 பயிற்சிக்கு, 50 சோதனைக்கு. ஒவ்வொரு பாடலும் தாளம், பாஸ், குரல், மற்றவை என நான்காகப் பகுக்கப்பட்டது. பாப், ராக் பாடலுக்கு இது போதும். திரையிசைக்குப் போதாது. தந்தி, ஹார்ன், புல்லாங்குழல், ஹார்ப் எல்லாம் 'மற்றவை'யில் விழுந்துவிடும். சேர்ந்திசைக் குரல் பாதி குரலிலும் பாதி மற்றவையிலும் சிதறும். டிம்பனி தாளத்துக்கும் பாஸுக்கும் நடுவே ஊசலாடும். டீமக்ஸின் ஆறு பிரிவு மாதிரி கிதாரையும் பியானோவையும் கூடுதலாகத் தரும். பியானோவில் கசிவு அதிகம் என்று அதை உருவாக்கியவர்களே குறித்திருக்கிறார்கள்.

விளைவு படத்தொகுப்பு மேசையில் தெரியும். வசனம் வரும் இடத்தில் தாளத்தை நிறுத்தச் சொல்கிறார் இயக்குநர். உங்கள் வரையறைப்படியான தாள ஸ்டெம்மை ஊமையாக்கினால் தாளம் போய்விடும், வேலை முடிந்தது. பிரிப்பு மாதிரி தந்ததை ஊமையாக்கினால் அடியின் தலை மட்டும் போகும். அதன் முழக்க வால் 'மற்றவை'க்குள் தங்கிவிட்டிருக்கும். அடி இல்லாமல் வால் மட்டும் கேட்கும்போது 'ஷ்... ஷ்...' என்று யாரோ மூச்சு விடுவது போலிருக்கும், அதுவும் வசனத்துக்கு நேர் கீழே. அங்கே ஊமையாக்காமல் 6 முதல் 9 டெசிபல் வரை குறைத்தால் போதும். மிச்சமிருக்கும் அடி அந்த வாலை மறைத்துக்கொள்ளும்.

ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டினால் கையேட்டைப் படிப்பவர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்.

— ந.

* * *

ந. சொன்னதைப் படித்த பிறகு 'கற்றை'யைவிடப் பொருத்தமாக ஒரு சொல் படுகிறது: புரி.

வைக்கோற்புரி, முப்புரிக் கயிறு என்கிறோம். கயிறு திரிக்கும்போது பல இழைகளைச் சேர்த்து முறுக்கினால் புரி. புரிகளைச் சேர்த்து முறுக்கினால் கயிறு. நமக்கு வேண்டிய மூன்று படிகளும் இதில் உள்ளன. தடம் என்பது இழை, ஸ்டெம் என்பது புரி, முழுக்கலவை என்பது கயிறு. புரி தனி இழையும் அல்ல, முழுக்கயிறும் அல்ல. எல்லாப் புரியும் சேர்ந்தால்தான் கயிறு என்ற கா. ஐயாவின் நிபந்தனையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கற்றையில் அது இல்லை. ஒரு கற்றை தனியே கிடக்கலாம், வேறெதற்கும் அங்கமாக இருக்க வேண்டியதில்லை.

எண்ணோடும் எளிதில் சேர்கிறது. ஸ்ப்ளீட்டரை டீசர் (Deezer) என்ற இசைச்சேவை நிறுவனம் 2019-இல் வெளியிட்டபோது இரண்டு, நான்கு, ஐந்து எனப் பிரிக்கும் மூன்று மாதிரிகள் கொடுத்தது. அவை இருபுரி, நாற்புரி, ஐம்புரி மாதிரிகள். டீமக்ஸின் கூடுதல் மாதிரி அறுபுரி. 'நான்கு இசைக்கூறுகளாகப் பிரிக்கும் மாதிரி' என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. பொத்தானில் அடங்கும்.

தனியாக வரும்போது இசைப்புரி. சூழல் தெளிவானால் புரி.

— செ.

* * *

செ. அவர்களுக்கு, மூன்று ஐயங்கள்.

ஒன்று, ஆர்.ஆர். நடக்கும் கூடங்களில் எல்லாரும் ஸ்டெம்ஸ் என்றே சொல்கிறார்கள். பின்னணி இசைக்கு ரீரெக்கார்டிங் என்ற பெயரே நிலைத்துவிட்ட துறை இது. ஸ்டெம் என்று எழுதினால் என்ன குறை?

இரண்டு, 'புரி' என்றதும் 'புரிகிறது' முந்திக்கொள்ளும். 'புரிகளைப் பதிவிறக்கு' என்று பொத்தானில் பார்ப்பவர் ஒரு கணம் விழிப்பார். முப்புரி என்றால் பூணூல் நினைவும் வரும்.

மூன்று, பெயர்ச் சிக்கலுக்கு வெளியே ஒரு கேள்வி. தந்தி மட்டும், தாளம் மட்டும் எனத் தனித்தனித் தூண்டுரை கொடுத்து உருவாக்கிச் சேர்த்துக்கொண்டால், பிரிப்பே தேவையில்லையே?

— ம.

* * *

முதல் இரண்டுக்கு மட்டும் என் பதில். கூடத்தில் பேசுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பிரிப்புக் கருவியின் தமிழ் இடைமுகத்தைப் பார்க்கப்போவது கூடத்தில் இருப்பவர் மட்டுமல்ல, முதல் குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவரும்தான். அவருக்கு ஸ்டெம்மும் புதுச்சொல், இசைப்புரியும் புதுச்சொல். இரண்டில் ஒன்று தன்னைத் தானே விளக்கிக்கொள்கிறது. பொத்தானில் 'இசைப்புரிகள்' என்று முழுதாக எழுதினால் 'புரிகிறது' குழப்பம் வராது. வைக்கோற்புரி உழவர் சொல். பூணூலுக்கு அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

— செ.

* * *

> தனித்தனித் தூண்டுரை கொடுத்து உருவாக்கிச் சேர்த்துக்கொண்டால்

ம. ஐயா, முயலத்தக்க வழிதான், ஆனால் காலம் ஒட்டாது. தூண்டுரையில் எழுதும் வேகத்தை இம்மாதிரிகள் ஏறத்தாழவே பின்பற்றும். நிமிடத்துக்கு 90 அடி கேட்டு, தாளம் 90-இலும் தந்தி 91-இலும் வந்தது என்று வையுங்கள். 90 அடிகள் தாளத்தில் 60 நொடியில் முடியும், தந்தியில் 59.34 நொடியில். வேறுபாடு முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவு, நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும் படத்தில் கிட்டத்தட்ட 16 சட்டம். சுருதியும் தனித்தனியாக நகரும். நீண்ட ஸ்வரமாக நிற்கும் தந்திப் படுகைக்கு இது பாதகமில்லை, தெளிவான தாள அடிகள் இல்லாததால் எங்கு வைத்தாலும் உட்காரும். ஓடும் தந்திக்கும் தாளத்துக்கும் இந்த வழி வேண்டாம்.

இசைப்புரி எனக்கு ஏற்புடையதே. இரு வகையையும் பிரித்துக்காட்ட, தடங்களைத் தொகுத்து எழுதியது தொகுபுரி, கலவையிலிருந்து பிரித்தெடுத்தது பிரிபுரி என்று வைக்கலாமா? எது எது என்று அறியச் சோதனை ஒன்று உண்டு, அதையும் பதிவில் சேர்க்க வேண்டும். முழுக்கலவையை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்புச் செயலியில் திறந்து, 'இன்வர்ட்' கொடுத்துத் தலைகீழாக்குங்கள். புரிகள் அனைத்தையும் அதன் அடியில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே தடமாகக் கலந்து எழுதுங்கள். தொகுபுரி என்றால் அலைவடிவம் நேர்கோடாகும். பிரிபுரி என்றால் பெரும்பாலும் ஏதோ ஓர் எச்சம் நிற்கும்.

நேர்கோடு வராததற்கு வேறு காரணங்களும் இருக்கும். முழுக்கலவையின் மேல் லிமிட்டர் (உச்ச ஒலியை அடக்கும் கருவி) போட்டிருந்தால் உண்மையான தொகுபுரியும் பூச்சியமாகாது. எம்பி3 கோப்பின் தலையில் குறியாக்கி சேர்க்கும் சிறு வெற்றிடம் எல்லாவற்றையும் தள்ளிவிடும்; வேவ் கோப்பே வேண்டும். டீமக்ஸில் இன்னொன்று: எந்தப் புரியாவது உச்ச அளவைத் தாண்டினால் அந்தப் புரியை மட்டும் அது தானாகவே குறைத்து எழுதும். புரிகளுக்கு இடையிலான ஒலியளவு விகிதம் அங்கேயே கெட்டுவிடும், எச்சத்தில் முழு இசையும் மெல்லக் கேட்கும். பிரிக்கும் முன் கலவையை 6 டெசிபல் குறைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் இது நேராது. அல்லது 'கிளிப்-மோட்' விருப்பத்தைக் 'கிளாம்ப்' என்று வையுங்கள். உச்சம் வெட்டுப்படும், ஆனால் விகிதம் நிற்கும். 16 பிட்டுக்குப் பதிலாக 24 பிட் அல்லது மிதவைப்புள்ளியில் எழுதச் சொல்லுங்கள்.

டீமக்ஸ் வேலை செய்வது 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (சாம்பிள் ரேட்). 48-இல் கொடுத்தாலும் 44.1-இல்தான் திரும்பத் தரும். படத்தின் ஒலிக்கு 48 வேண்டும். மறுமாதிரி எடுக்காமல் (48-க்கு மாற்றிக் கணக்கிடாமல்) 48 என்று தவறாக வாசிக்கவிட்டால் 60 நொடி இசை 55.1 நொடியில் ஓடி முடியும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் ஏறும்.

கடைசியாக 5.1, அதாவது முன்னும் பின்னும் ஒலிபெருக்கிகள் உள்ள சுற்றொலி. பிரிபுரியைப் பின்பக்க ஒலிபெருக்கிக்குத் தனியே அனுப்பக் கூடாது. நான்கும் ஒரே இடத்திலிருந்து ஒலிக்கும்வரை ஒன்றின் குறையை மற்றொன்று மூடும். இடம் பிரித்தவுடன் நீர்க்குமிழி போன்ற சலசலப்பு அம்பலமாகும். நான்கையும் முன்னாலேயே வைத்து, புதிதாகச் சேர்க்கும் முழக்கத்தை மட்டும் பின்னால் அனுப்புவதே நல்லது.

— ந.

* * *

'பிரிபுரி'யில் ஒரு தடை. மூணு பிரிக் கயிறு, வைக்கோல் பிரி என்றுதான் ஊர்ப்பக்கம் சொல்வார்கள்; புரியின் பேச்சு வடிவமே பிரி. ஆக, பிரிபுரி என்பது சொன்னதையே திரும்பச் சொல்வதாகக் கேட்கும். பகுத்தெடுத்தது என்ற பொருளில் பகுபுரி என்றால் தொகுபுரிக்கு எதுகையாகவும் நிற்கும். தொகு, பகு இரண்டும் எதிரெதிர்.

பட்டியலுக்கான வரைவு:

இசைப்புரி: சேர்ந்தால் முழுக்கலவை ஆகும் ஒலிக்கோப்புகளில் ஒன்று. ஸ்டெம் என்றும் வழங்கும்.

தொகுபுரி: தனித்தடங்களைக் கலந்து எழுதிய இசைப்புரி.

பகுபுரி: கலந்த ஒலியிலிருந்து மாதிரி ஒன்று மதிப்பிட்டுப் பகுத்த இசைப்புரி. கசிவு இருக்கும்.

கசிவு: ஒரு புரிக்குரிய ஒலி மற்றொன்றில் கேட்பது.

எச்சம்: தலைகீழாக்கிய கலவையோடு புரிகளைச் சேர்த்த பின் மிஞ்சும் ஒலி.

— கா.

* * *

பகுபுரி நன்று, எனக்கும் ஏற்பு. தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு சேர்த்துவிடுங்கள். இசைப்புரியில் ஒற்று மிகும். தொகுபுரி, பகுபுரி இரண்டும் வினைத்தொகை, மிகாது. பிழைதிருத்தியை நம்பித் 'தொகுப்புரி' என்று விட்டுவிட்டால், தொகுப்பு உரி என்று பிரிந்து பொருளே மாறிவிடும்.

— ம.