மறு: ‘ஆப்ஃபஸ்கேஷன்’ – நிரல்மயக்கம் எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நிரல் செய்யும் வேலை மாறாமல், திறந்து படிப்பவருக்கு மட்டும் புரியாதபடி அதைக் குழப்பி வைப்பதுதான் ‘ஆப்ஃபஸ்கேஷன்’. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையில் இதுவரை மறைநிரலாக்கம், சிக்கலாக்கம், இருண்மையாக்கம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான்காவதாக ஒன்றை வைக்கிறேன். அதற்கு முன்:

> மறைநிரலாக்கம் என்றால் நோக்கம் உடனே புரியும். நிரலை மறைக்கத்தானே செய்கிறோம்?

இதை ஏற்க முடியவில்லை, ஐயா. ‘மறை’ ஏற்கெனவே என்கிரிப்ஷனுக்கு, அதாவது மறைகுறியாக்கத்துக்கு, போய்விட்டது. மறைகுறியாக்கம் செய்த கோப்பைத் திறவுகோல் போட்டு மீட்காமல் பயன்படுத்த முடியாது. இங்கே திறவுகோலே கிடையாது. மாற்றிய நிரல் மாற்றியபடியே ஓடும். வாங்கியவர் கணினியில் முழுதாகக் கிடக்கும். திறந்து படிப்பவருக்குத் தலை சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஜாவா நிரல்மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவதுதான் கம்பைல் செய்வது. அப்படிக் கம்பைல் ஆன கிளாஸ் கோப்பில் வகுப்பு (கிளாஸ்), செயற்கூறு (மெத்தட்), புலம் (ஃபீல்டு) எல்லாவற்றின் பெயர்களும் அப்படியே தங்கிவிடும். ‘உரிமத்தைச் சரிபார்’ என்று ஒரு செயற்கூறுக்குப் பெயர் வைத்திருந்தால், லைசென்ஸை உடைக்க வருபவருக்கு நாமே வழிகாட்டிப் பலகை நட்டு வைத்த மாதிரி. கம்பைல் ஆன கோப்பிலிருந்து படிக்கத்தக்க நிரலை மீட்டுத் தரும் கருவி டீகம்பைலர். 1996இலேயே மோக்கா என்ற ஜாவா டீகம்பைலர் வந்துவிட்டது. அதை எழுதிய ஹான்பீட்டர் ஃபான் ஃப்ளீட், அதற்கு ஈடுகொடுக்க க்ரெமா என்ற ஆப்ஃபஸ்கேட்டரையும் அவரே எழுதினார். நோயும் மருந்தும் ஒரே கடையில்! இன்று ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும்போது ஆர்8 என்ற கருவி செய்கிற வேலைகளில் ஒன்றும் பெயர்களை ஏ, பி, சி என்று மாற்றுவதுதான்.

பெயரோடு நிற்பதில்லை. ‘இந்த எண்ணையும் இதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கினால் இரட்டைப்படையா?’ என்று ஒரு நிபந்தனையை நடுவில் செருகுவார்கள். விடை எப்போதும் ஆம்தான். ஆனால் டீகம்பைலருக்கு அது தெரியாது. ஒருநாளும் ஓடாத கிளையையும் உட்கார்ந்து வரைந்து காட்டும். நிரலில் உள்ள சரங்களை (எழுத்துத் தொடர்களை) குலைத்து வைத்து, ஓடும்போது சேர்ப்பதும் உண்டு. இத்தனை செய்தும் நிரல் தரும் விடை மாறக் கூடாது. நம் சொல் தாங்க வேண்டிய பொருள் இதுதான்: தோற்றம் குழம்ப வேண்டும், செயல் அப்படியே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் இலக்கணம் கைகொடுக்கிறது. தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே இருக்கிறது. ‘காலத்தினால் செய்த நன்றி’ என்ற குறளில் மூன்றாம் வேற்றுமை உருபு ஏழாம் வேற்றுமைப் பொருளில் நிற்பதை உருபு மயக்கம் என்று பள்ளியில் படித்திருப்போம். உருபு வேறு, பொருள் ‘காலத்தில்’தான். அப்படியே பொருந்துகிறது: நிரல்மயக்கம்.

> மயக்கம் என்றதும் ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருகிறது. :)

வரட்டுமே. ‘மவுஸ்’ என்றதும் எலி ஞாபகம் வந்து நாம் யாரும் ஓடிவிடவில்லை. ‘நிரல்’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது. முக்கியமாக, இந்த வேர் நன்றாகக் கிளைக்கும்: மயக்கு, மயக்கிய நிரல், நிரல்மயக்கி. மயக்கியதை மீட்கும் எதிர்ச்செயலுக்கும் வேறெங்கும் தேட வேண்டாம். மயக்கம் ‘தெளிவது’ தமிழில் எப்போதும் உள்ளதுதான். தெளிவித்தல், தெளிவிப்பி என்று எடுத்துக்கொள்ளலாம். 2001இல் கணினியியல் ஆய்வாளர் போவாஸ் பராக்கும் உடன் ஆறு ஆய்வாளர்களும், எந்த நிரலையும் முழுக்கக் கறுப்புப் பெட்டியாக்கிவிடும், அதாவது உள்ளீடும் விடையும் தவிர உள்ளே எதுவும் தெரியாதபடி செய்துவிடும், பொதுவான மயக்கி இருக்கவே முடியாது என்று நிறுவினார்கள். எனவே தெளியக்கூடியது என்ற குறிப்பு சொல்லிலேயே இருப்பது நல்லதே.

இருண்மை எனக்கும் பிடித்த சொல். ஆனால் புதுக்கவிதை விமர்சனத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. வினையாக்கினாலும் நீண்டுகொண்டே போகிறது. சிக்கலாக்கம் மோசமில்லை, ஆனால் சும்மாவே சிக்கலாக எழுதப்பட்ட நிரல்கள் நம் எல்லோர் அலுவலகத்திலும் இருக்கின்றன. அவற்றை யாரும் வேண்டுமென்று அப்படி எழுதவில்லை.

அப்புறம், முடிந்த மென்பொருளைப் பிரித்துப் பார்த்து அது எப்படி இயங்குகிறது என்று அறியும் ரிவர்ஸ் எஞ்சினியரிங்குக்கு ‘களவுப் பொறியியல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே, முறையாக மென்பொருளை வைத்திருப்பவர் அதைத் தன் தனி மென்பொருளோடு இணைந்து இயங்கவைக்கத் தேவையான தகவல், வேறு வகையில் எளிதாகக் கிடைக்காதபோது, அதைப் பெற அனுமதிக்கிறது. தீநிரல்களை (மால்வேர்) ஆராய்பவர்கள் நாள் முழுக்கச் செய்வதும் இதைத்தான். பின்னோக்குப் பொறியியல் போதும்; நீளம்தான் கொஞ்சம் உறுத்துகிறது.

கண்ட்ரோல் ஃப்ளோ ஃப்ளாட்டனிங்குக்கு மட்டும் நல்ல சொல் அமையவில்லை. கிளைகளையும் சுழல்களையும் பிரித்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே பெரிய ‘சுவிட்ச்’ கட்டளைக்குள் கொட்டி வைக்கும் உத்தி அது. ‘போக்குத் தட்டையாக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.