புதுப்பிப்பு: பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு எம்.சி.ஏ.வா, ஜாம் தேர்வா?

மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் இதைக் கேட்டிருந்தேன். வீட்டில் எம்.சி.ஏ. போகச் சொன்னார்கள், எனக்கு ஜாம் (ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் நுழைவுத் தேர்வு) எழுதி எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கத்தான் ஆசை. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒரு ஐஐடியில் எம்.எஸ்சி. இடம் கிடைத்துவிட்டது!

கைகொடுத்தது எம்.எஸ்சி. படிக்கும் அக்கா சொன்ன வழி. புதுப் புத்தகம் வாங்காதே, பழைய ஜாம் வினாத்தாள்களை 3 மணி நேரம் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார், பி, சி பகுதிகளில் ஒரு கேள்வியையும் விடாதே என்றார். 100 மதிப்பெண்ணில் அந்த இரண்டுக்கும் சேர்த்து 50. அங்கே தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஏ பகுதியில் மட்டும்தான் மூன்றில் ஒரு பங்கு போகும். இது தெரியாமல் அதுவரை பயந்து பயந்து பாதியை விட்டுக்கொண்டிருந்தேன். கோச்சிங் எதுவும் போகவில்லை.

எம்.சி.ஏ. சேர்க்கைக்கான தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட்டும் எழுதி வை என்ற அண்ணனின் யோசனையையும் கேட்டேன். அப்புறம்தான் வீட்டில் சமாதானம் ஆனார்கள்.

எதிர்பாராத சிக்கல் சான்றிதழில் வந்தது. இட ஒதுக்கீட்டுக்கு நம் பி.சி. நிரந்தர சாதிச் சான்றிதழே போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவு) வராதவர் என்று காட்டும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். பழையது செல்லாது, தேதி வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து அது கைக்கு வரும்வரை எனக்குத் தூக்கமே இல்லை. தயவுசெய்து படிப்பைத் தொடங்கும்போதே இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.